அண்ணனின் இரண்டாயிரம் நட்சத்திரங்கள்

எனக்கு எதுவும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். சின்னப் பெண்ணாக இருந்த நாளிலிருந்தே அப்படித்தான். சித்தூரில் எங்கள் வீட்டில் நான் துடைப்பத்தை எடுத்தால் நைனாகூட (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) காலைத் தூக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். என்னைவிட நான்கு வயது பெரியவனான அண்ணன், "முனிசிபாலிட்டி வந்துட்ச்சி, அவங்கவங்க சாமானெல்லாம் எடுத்து வெச்சிக்கோங்க" என்று கத்துவான். எனக்குக் கோபம் வரும். என் கோபம் வீட்டில் பிரசித்தம். ஆனால் அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போது சொல்லிவிடலாம், கேலி செய்ய அவன் பக்கத்தில் இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் திருப்பதியில் இருந்தோம். அவன் பல்கலைக்கழகத்தில் பௌதிகத்தில் ஆராய்ச்சி மாணவன். நான் அதே வளாகத்தில் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தேன். தற்காலிக வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு தாள் வரும், இன்னும் மூன்று மாதம் இருக்கலாம் என்று. அந்தத் தாள் வரும் வாரம் எனக்குச் சோறு இறங்காது. அறை ஜில்லென்று இருக்கும். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏதோ கோயில் கர்ப்பக்கிரகம் மாதிரி என்று அண்ணன் சொல்வான். எங்கள் வீடு கிறிஸ்தவ மிஷன் சபையைச் சேர்ந்த வீடு. நாங்கள் செருப்பு கழற்றிவிட்டுப் போன ஒரே சந்நிதி அதுதான்.

அவன் ஆராய்ச்சியை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். வானத்தில் இரண்டு நட்சத்திரக் கூட்டங்கள் இருக்கின்றன, ஒன்று பெரியது, ஒன்று சின்னது. இரண்டும் ஒன்றை ஒன்று நோக்கி வருகின்றன. மோதினால் என்ன ஆகும்? நிஜத்தில் பார்க்க வேண்டுமானால் கோடி வருஷம் காத்திருக்க வேண்டும். அதனால் கம்ப்யூட்டருக்குள் இரண்டாயிரம் நட்சத்திரங்களை உண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்தான். ஒன்றிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு வரை பெரிய கூட்டம். அதற்கு மேல் இரண்டாயிரம் வரை சின்னது. பிறகு காலத்தை அடி அடியாக நகர்த்தி எல்லாவற்றையும் ஓடவிட்டு, அப்படி இருபது அடிக்கு ஒருமுறை எது எங்கே இருக்கிறது என்று ஒரு பைலில் எழுதச் சொன்னான். ஒரு வரிக்கு ஒரு நட்சத்திரம்: முதலில் எண், பிறகு இடம், பிறகு வேகம்.

இதில் ஒரு தொல்லை. அவன் புரோகிராம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரங்களைச் சேர்த்துச் சேர்த்துக் கணக்குப் போடும். அதனால் பைலில் வரிகள் கன்னாபின்னாவென்று வரும். 731க்கு அடுத்து 12 வரும், அதற்கு அடுத்து 1904. படம் போடும் முன்னால் அவற்றை எண் வரிசையில் அடுக்க வேண்டும். டெர்மினலில் உட்கார்ந்து சார்ட், அதாவது வரிசைப்படுத்து, என்று தட்டி, பைலின் பெயரைத் தட்டினால் போதும், கொஞ்ச நேரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இரண்டாயிரமும் வந்து நிற்கும். பச்சை எழுத்துகள் அப்படி வரிசையாக நிற்பதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு பரம திருப்தி. முதல் ஆயிரத்து ஐந்நூறு வரிகளுக்குப் புள்ளி, மிச்சத்துக்குப் பெருக்கல் குறி என்று படம் வரும். எது எந்தக் கூட்டம் என்று கண்ணுக்குத் தெரியும்.

அறுபதாவது அடி வரை அண்ணனே அடுக்கிப் படம் போட்டான். சின்னக் கூட்டம் பெரியதன் நடுவயிற்றில் இருந்தது. இனி என்ன ஆகும் என்பதுதான் மொத்த ஆராய்ச்சியும். அந்த நேரம் பார்த்து அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அம்மா சித்தூரிலிருந்து வந்து அழைத்துக்கொண்டு போனாள். பஸ் ஏறும்போது, என்னென்ன தட்ட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி என் கையில் கொடுத்தான்.

அடுத்த வாரமே அறை வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். டிஸ்க்கில் இடமில்லை, அவரவர் பங்குக்கு மேல் வைத்திருக்கும் பைல்கள் அழிக்கப்படும் என்று. அண்ணனின் பங்கு வழிந்துகொண்டிருந்தது. அவன் பைல்களைத் திறந்து பார்த்தேன். எண்ணைவிட வெற்றிடம்தான் அதிகம். ஒவ்வொரு எண்ணும் ஐந்து கட்டத்துக்குள் வலது ஓரமாக ஒட்டி நின்றது. 2 என்றால் அதற்கு முன்னால் நான்கு காலி இடம். 10 என்றால் மூன்று. இப்படி இரண்டாயிரம் வரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலில் குப்பையைப் பார்த்தால் வருமே, அதே எரிச்சல். முன்னாலிருந்த வெற்றிடங்களை எல்லாம் வெட்டினேன். இனி வரும் பைல்களுக்கும் அப்படியே செய்தேன். மூன்றில் ஒரு பங்கு இடம் மிச்சமானது. பிறகு அவன் எழுதிக் கொடுத்த தாளில் இருந்தபடி ஒவ்வொன்றாக அடுக்கினேன். இரண்டாயிரம் வரி இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தேன். இருந்தது.

சனிக்கிழமை வீட்டுக்குப் போய்ப் பெருமையாகச் சொன்னேன். அவன் கண்ணெல்லாம் மஞ்சளாகப் படுத்திருந்தான். அம்மா கீழாநெல்லியை மோரில் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"அங்கேயும் பெருக்கிட்டியா முனிசிபாலிட்டி" என்று சிரித்தான். "என் புண்ணியத்துக்கு நட்சத்திரத்தையும் சேத்துப் பெருக்கித் தள்ளாம இருந்தியே."

இந்தச் சிரிப்பைப் பிற்பாடு நான் எத்தனையோ தடவை எனக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொண்டேன். அவனுக்கும் தெரியும்தானே, அவனும் யோசிக்கவில்லைதானே என்று. குற்றமுள்ள நெஞ்சுக்கு ஒரு துரும்பு கிடைத்தாலும் போதும்.

அவன் உடம்பு தேறி வந்தான். படங்கள் தயாராக இருந்தன. அவற்றைத் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்தான். சின்னக் கூட்டத்தின் பெருக்கல் குறிகள் பெரிய கூட்டத்துக்குள் எங்கும் பரவிக் கிடந்தன. உப்பு சோற்றில் கரைந்த மாதிரி. ஆனால் இன்னொரு பக்கம், பெரிய கூட்டத்தின் புள்ளிகளில் ஒரு கட்டி தனியாகப் பிய்ந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. சின்னது கரைந்துபோகிறது, பெரியது தன் உடம்பிலிருந்தே ஒரு துண்டைப் பிய்த்து எறிகிறது. இப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை என்றான். புரொபசரிடம் ஓடினான். அவர் எழுந்து நின்று அவன் தோளைத் தட்டினார் என்று வந்து சொன்னான். அன்று ஆஸ்டல் சாப்பாடு வேண்டாமென்று என்னை ரயிலடி பக்கம் அழைத்துப்போய் நெய் தோசை வாங்கிக் கொடுத்தான். "துன்னு, துன்னு, உன் பேரயும் கட்டுரையில போட்றேன்" என்றான்.

புரொபசர் ஒரு கருத்தரங்கு வைத்தார். வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அண்ணன் கோட்டு போட்டுக்கொண்டு பேசினான்; நைனாவின் கல்யாணக் கோட்டு. பேசி முடித்ததும் கை தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த வயதான விஞ்ஞானி ஒருவர் மட்டும் எழுந்து, மெதுவாக, அந்தப் பிய்ந்துபோன துண்டில் இருக்கும் நட்சத்திரங்களின் எண்களைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். அண்ணனுக்கு ஏக சந்தோஷம். "டீ குடிச்சி முடிக்கிறதுக்குள்ள வந்துடும் சார்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான்.

நான் கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினேன். அந்த மூலையில் இருக்கிற நட்சத்திரங்களை மட்டும் பொறுக்கி, எண்களை அச்சடிக்கச் சொன்னேன். பிரிண்டர் கடகடவென்று தள்ளியது. 1501. 1873. 1622. 1990. நான் கிழிக்கக் கையை வைத்தவள் அப்படியே நின்றேன். ஒரு எண்கூட ஆயிரத்து ஐந்நூறுக்குக் கீழே இல்லை. அது பெரிய கூட்டத்தின் துண்டு அல்ல. அதுதான் சின்னக் கூட்டம்.

டெர்மினலில் உட்கார்ந்து, நான் அடுக்கிய பைலின் தலையை எடுத்துப் பார்த்தேன். 1. அடுத்தது 10. அடுத்தது 100. பிறகு 1000, 1001. இரண்டு எங்கே என்றால், எங்கோ ஆயிரம் வரி தள்ளிக் கிடந்தது. 1501 முதல் உள்ளவையெல்லாம் முன்னால் வந்து, பெரிய கூட்டத்துக்கான புள்ளிகளை வாங்கிக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டர் எண்களை எண்களாகப் பார்க்கவில்லை, அகராதியில் சொற்களை அடுக்குகிற மாதிரி முதல் எழுத்தைப் பார்த்து அடுக்கியிருந்தது. அது எப்போதும் அப்படித்தான் அடுக்கிக்கொண்டிருந்தது. அண்ணனின் பைலில் 2க்கு முன்னால் இருந்த அந்த நான்கு காலி இடங்கள்தான் அதை 10க்கு முன்னால் நிற்க வைத்திருந்தன. அவற்றைத்தான் நான் குப்பை என்று பெருக்கித் தள்ளினேன். வெட்டியதோடு, எண்ணாகப் பார் என்று ஒரு கோடும் ஒரு எழுத்தும் சேர்த்துத் தட்டியிருந்தால்கூடப் போதும். எனக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ளவும் இல்லை.

அங்கிருந்து கருத்தரங்குக் கூடத்துக்கு நூறு அடி இருக்கும். அந்த நூறு அடியில் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தாளைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தேன், அவ்வளவுதான். அவன் பார்க்காமலே அந்தப் பெரியவரிடம் நீட்டினான். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார், ரொம்ப மரியாதையாக. "நீங்களே ஒரு தடவை பாருங்கள்" என்று இங்கிலீஷில் சொன்னார். அண்ணன் பார்த்தான். அவன் காது சிவந்தது எனக்குத் தெரிந்தது. கூடத்தில் யாரோ இருமினார்கள்.

எல்லாரும் போன பிறகு புரொபசர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கெட்டவர் அல்ல அவர். ஆனால் வெளியூர்க்காரர்கள் முன்னால் தலைகுனிந்துவிட்டார். என் வேலையை நிரந்தரமாக்கும் கமிட்டியிலும் அவர் இருந்தார். என் பைல் வந்திருக்கிறது, பார்க்கலாம் என்று போன வாரம்தான் சொல்லியிருந்தார். தாளை மேஜைமேல் போட்டு, "இதி எவரு சேசாரு?" என்று கேட்டார். இதை யார் செய்தது?

என் வாயில் கொழுக்கட்டை. சத்தியமாகச் சொல்கிறேன், திறக்க வரவில்லை என்பதல்ல, நான் திறக்கவில்லை. அந்த மூன்று மாதத் தாள் என் கண்ணுக்கு முன்னால் நின்றது.

அண்ணன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நேனே சார்" என்றான். நான்தான் சார்.

வெளியே வந்து வளாகத்து வாசல் வரை நடந்தோம். அவன் கோட்டைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டான். "பஸ்சுக்கு டைம் ஆச்சி" என்றான். சந்திரகிரி தாண்டி, மலையெல்லாம் தாண்டி, சித்தூர் போய்ச் சேரும் வரை இருவரும் பேசவில்லை. எனக்கு ஜன்னலோரம் விட்டுக் கொடுத்திருந்தான்.

முதலிலிருந்து எல்லாவற்றையும் ஓட்டு என்றார் புரொபசர். மெஷினில் நேரம் கிடைக்க மாதங்கள் ஆகும். பதிவுக் காலமும் முடியப் போகிறது. நீட்டிக்கக் கையெழுத்துக் கேட்டபோது அவர் போடவில்லை. அண்ணன் இரண்டாம் தடவை கேட்கவும் இல்லை. ஏர்பேடு பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராகப் போனான். என் வேலை நிரந்தரமானது. அம்மா பாயசம் வைத்தாள். அவன்தான் முதல் டம்ளரை எடுத்து எனக்குக் கொடுத்தான்.

இனிமேல் சொல்வது எங்கள் சபை வழக்கம் பற்றியது. எங்கள் கோவிலில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, பீடத்தில் அப்பமும் ரசமும் வாங்கும் நாள். அதற்கு முந்தின சனிக்கிழமை சாயந்திரம் ஆயத்த ஆராதனை. அது முடிந்ததும், யாருக்காவது யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால், அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போய்ப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். தவறு செய்தவர்தான் போவது. மற்றவர் கதவைத் திறந்து வைத்திருப்பார். தீராத மனஸ்தாபத்தோடு பீடத்தண்டை போய் அப்பத்துக்குக் கை நீட்டுவதில்லை, பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். யாராவது உட்கார்ந்துவிட்டால் ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும்.

அந்தக் கருத்தரங்குக்கு அடுத்த முதல் ஞாயிறு, நான் எழுந்து போய் முழங்காலிட்டேன். கை நீட்டினேன். திரும்பி வரும்போது பார்த்தேன், ஆண்கள் பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்தே இருந்தான். அடுத்த மாதமும் அப்படியே. அதற்கடுத்த மாதமும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா. வானத்தை எல்லாம் படித்தான், சாமி நம்பிக்கை போய்விட்டது என்றார்கள். சபைப் போதகரான ஐயர் வீட்டுக்கு வந்து பேசிப் பார்த்தார். அம்மா அழுதாள். நைனா, "வுடு, படிச்ச பையன், அவனுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். நானும் அந்தப் பேச்சையே நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமைகளில் அவன் ஏர்பேட்டிலிருந்து வருவான். ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் முன் அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேப்பரோடு உட்காருவான். கொசு வருகிறது, சாத்துடா என்று அம்மா சொன்னாலும் சாத்தமாட்டான். நான் சமையல் அறையில் மறுநாளுக்கு அரிசி பொறுக்கிக்கொண்டிருப்பேன். எட்டு மணிக்கு அவன் எழுந்து கதவைச் சாத்துகிற சத்தம் கேட்கும். இப்படி ஐந்தாறு வருஷம்.

ஐந்தாவது வருஷம் அம்மா போய்விட்டாள். படுத்த படுக்கையாக இருந்தபோதும், "ஒரு தரம் எழுந்து போடா, என் கண்ணால பாக்கறேன்" என்று அவனிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான்.

அதற்கு மறுவருஷம் எங்கள் அறையில் பழைய கம்ப்யூட்டரை எடுத்துவிட்டுப் புதிது வைக்க முடிவு செய்தார்கள். பழைய டேப்புகளைக் கழிக்கச் சொன்னார்கள். சுத்தம் செய்கிற வேலை என்றால் நான்தானே. ஒரு பெட்டியின் அடியில் அண்ணன் தன் நட்சத்திரப் பைல்களைச் சேமித்து, கைப்பட எழுதி ஒட்டிய டேப் ஒன்று இருந்தது. பழைய மெஷின் கழற்றப்படும் முன்னால் அதை ஏற்றினேன். எல்லா அடிகளையும் எடுத்து, இந்தத் தடவை அந்தக் கோட்டையும் எழுத்தையும் சேர்த்து, எண்ணாகப் பார் என்று சொல்லி அடுக்கிப் படம் போட்டேன். மத்தியானம் மூன்று மணிக்குள் முடிந்துவிட்டது. இதற்குத்தான் அவனுக்கு மெஷினில் மாதக்கணக்கில் நேரம் இல்லை என்றார்கள். அடுக்கியதுதான் தப்பு, கணக்கு தப்பில்லை; முதலிலிருந்து ஓட்டவே வேண்டியிருக்கவில்லை. புரொபசர் அன்று இருந்த கோபத்தில் அது அவருக்குத் தோன்றவில்லை. எங்கே தப்பு நடந்தது என்று தெரிந்த ஒரே ஆள் வாயைத் திறந்திருந்தால் தோன்றியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேணிகுண்டாவில் பஸ் மாறி ஏர்பேட்டுக்குப் போனேன். அவன் கட்டிலில் பரீட்சைத் தாள்களை நம்பர் வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னா இது, இம்மாம் பெரிய பேப்பரு?"

பரீட்சைத் தாள்களை நகர்த்திவிட்டுப் படங்களை விரித்தேன். அவன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். விரலை வைத்து ஒவ்வொரு படமாகப் பார்த்தான். அவசரப்படவில்லை.

"சின்னது உள்ள பூந்து அந்தாண்ட வந்துட்ச்சி" என்றான்.

"ஆமா."

"கொஞ்சம் பிஞ்சிக்கினு, ஆனா முழுசா." கடைசிப் படத்தைத் தடவிக் கொடுத்தான். "நல்லா கீது."

அப்போது சொன்னேன். "அண்ணா, அன்னிக்கு சார் கேட்டப்போ நான்தான் செஞ்சேன்னு சொல்லியிருக்கணும்."

"நீ அவர்கிட்ட சொல்ல வேணாம்னுதானே நான் முந்திக்கினேன். உன் வேலை போயிருக்கும். எனக்கு அதுல ஒண்ணும் வருத்தம் இல்ல."

"பின்ன?"

கண்ணாடியைக் கழற்றினான். "என்கிட்ட சொல்லியிருக்கலாமே. பஸ்ல பக்கத்துல குந்திக்கினு வந்தியே, அப்ப சொல்லியிருக்கலாம். மாசா மாசம் கதவத் தொறந்து வெச்சிக்கினு குந்தினு இருந்தேனே, எதுக்குன்னு நெனச்ச?"

"பேப்பர் படிக்கிறேன்னு நெனச்சேன்."

"எட்டு மணி வரிக்கும் ஒரே பக்கத்தையா."

நான் அழுதேன். அவன் என்னைத் தேற்றவில்லை. தாளை மடிப்பு கலையாமல் மடித்தான்.

"அம்மா கேட்டுக்கினே இருந்தா," என்றான். "சாமிய நம்பலியாடான்னு. நம்புறேன்மான்னேன். பின்ன ஏன்டா எழுந்திரிக்கலன்னா. உன்னக் காட்டிக் குடுக்காம அதுக்கு நான் இன்னா பதில் சொல்றது."

எனக்குக் கோபம்கூட வந்தது. நீயாக ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. போக வேண்டியது நான். அடுத்த அறைக்குத்தான், பத்து அடி.

பஸ்சுக்கு என்னோடு நடந்து வந்தான். மடித்த தாளை அவன் வைத்துக்கொண்டான். அடுத்த முதல் ஞாயிறு, ஐயர் அழைத்ததும் ஆண்கள் பக்கத்தில் அவன் எழுந்தான். கோவிலே திரும்பிப் பார்த்தது. நைனா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவன் போவதைப் பார்த்தார். அம்மா உட்காரும் இடத்தில் யாரோ புதிதாகக் கல்யாணமான பெண் உட்கார்ந்திருந்தாள். பெண்களும் வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். என் வரிசை வந்தது. அண்ணனிடம் போய்ப் பேசியாயிற்று, அம்மாவிடம் போக எந்தக் கதவும் இல்லை; நான் உட்கார்ந்தே இருந்தேன்.

பக்கத்திலிருந்த அம்மாள் என் முழங்கையைத் தொட்டு, "ஏம்மா, நீ போகலியா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அவர் தாண்டிப் போக வழி விட்டு, காலை ஒடுக்கிக்கொண்டேன்.